கோப்பைக்குள் கரண்டி

இன்ஸா உல்ஃபர்ஸ் வாசனை தோய்த்த காகிதப் பட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். ஒரே ஒரு முறை முகர்ந்தாள். மறுகணமே அதை மேசைமேல் போட்டாள்.

"இனிப்பு எங்க?"

"வரும்," என்றாள் டால்கே.

"எப்ப வரும்?"

"சாயங்காலம்."

"அதுவரைக்கும் வாங்க வந்தவங்களை நான் எங்க உட்கார வெக்கறது, உகேனா அம்மா? பாய் விரிச்சுக் கொடுக்கவா?"

டால்கே உகேனா, கோணலாகக் கிடந்த பட்டையை எடுத்து, மற்ற பட்டைகளின் வரிசையில், அதற்குரிய கம்பிப் பிடியில் நேராகச் செருகினாள். பிறந்த ஊரில் இருந்ததைவிடக் கூடுதலான ஆண்டுகளை அவள் பிரான்சில் வாசனை சேர்க்கும் தொழிலில் கழித்திருந்தாள். பாரிஸில் அவள் பெயரைச் சொன்னால் அத்தொழிலில் இருப்பவர்கள் எழுந்து நின்று கைகொடுப்பார்கள். பிறந்த ஊரான லேர் நகரத்திலோ அவள் இன்றும் படகு பழுதுபார்க்கும் உகேனாவின் இளைய மகள், அவ்வளவுதான்.

துறைமுகத்தை ஒட்டிய அந்தச் செங்கல் கட்டடத்தில் உல்ஃபர்ஸ் வாசனை இல்லத்தைத் தொடங்கியவர் இன்ஸாவின் கொள்ளுத்தாத்தா. கொலோன் தண்ணீரும் சவரச் சோப்பும் விற்றுச் செழித்த இல்லம், அவள் தந்தையின் காலத்தில் இழுத்து மூடப்பட்டது. ஹாம்பர்கில் வளர்ந்து, அங்கேயே விளம்பரத் தொழிலில் கைதேர்ந்த இன்ஸா, அதே கட்டடத்தில் அதே பெயரில் அதனை மீண்டும் திறக்கப்போகிறாள். முதல் வாசனை தேநீருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் அவளுக்கு ஐயமே எழவில்லை. தேநீருக்குப் பெயர்பெற்ற இந்த ஊரில் வேறு எதை வைத்துத் தொடங்குவது? பெயரையும் அவளே முடிவுசெய்திருந்தாள்: 'மூன்றாம் கோப்பை'. கனத்த கண்ணாடியில் குப்பிகள் வார்த்தாகிவிட்டன. பாரிஸிலிருந்து டால்கேயை வரவழைத்தாகிவிட்டது. வராதது இனிப்பு ஒன்றுதான்.

"முதல்ல பாலேடு, அப்புறம் கசப்பு, அடியில கற்கண்டு. டீயை அப்படித்தான் குடிக்கறோம்," என்றாள் டால்கே. "யாரும் கலக்கிக் குடிக்கறதில்ல."

"கலக்கினா என்ன குறைஞ்சுபோகுது?"

டால்கே அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க இந்த ஊர்க்காரங்கதானே?"

"அப்பாவுக்குத்தான் இந்த ஊர். எனக்கு ஹாம்பர்க்."

"அதான்."

இன்ஸா சீறவில்லை. தன் ஊரை எவராவது குறைசொன்னால் சிரித்துவிடுகிற பெண் அவள். "சரி, கலக்க வேண்டாம். ஆனா சாயங்காலமாவது அந்தக் கற்கண்டு வரணும். நேத்து மணிக்கட்டுல தடவிட்டுப் போனேன். இனிப்பு வந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா அது கற்கண்டு இல்ல. பேக்கரி வாசல்ல நின்ன மாதிரி இருந்துச்சு."

அது உண்மை என்று டால்கேக்குத் தெரியும். பாலேட்டின் மணத்தை அவள் சந்தனத்திலிருந்தும் வேறு இரண்டொரு பொருளிலிருந்தும் எடுத்துவிட்டாள். கசப்பு இன்னும் நன்றாக அமைந்தது. தேயிலையின் சாற்றைப் பிரித்தெடுத்தால் வைக்கோலும் புகையிலையுமே மணக்கும். கொதிநீர் பட்ட தேயிலையின் மணத்தை வேறு பொருள்களைக் கொண்டுதான் கட்ட வேண்டும். அதைக் கட்டுவதில் அவளுக்கு இணையானவர்கள் சிலரே. ஆனால் கடைசியில் எஞ்சி நிற்கும் அடிமணம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. வனிலாவைச் சேர்த்தாள், தேனைச் சேர்த்தாள், கருக்கிய சர்க்கரையைச் சேர்த்தாள். ஒவ்வொன்றும் இனித்தது. ஒன்றும் கற்கண்டாகவில்லை.

"ஐலர்ட் ஓனன்கிட்ட சொல்லிவெச்சிருக்கேன்," என்றாள் இன்ஸா. "நாளைக்குப் போய் அவரோட டீயை மோந்து பாருங்க. அவரைத் தாண்டி இந்த ஊர்ல டீ தெரிஞ்சவங்க இல்லையாமே. ஆளைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்," என்றாள் டால்கே.

ஐலர்டைத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு வேறெவரையும் தெரிந்ததில்லை. இருவரும் ஒரே பள்ளி, ஒரே படகுத்துறை. பின்னர் ஒருவரை ஒருவர் விட்டு இருக்க முடியாத ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும். அந்தக் குளிர்காலத்தின் கடைசியில், வாசனைத் தொழில் கற்றுத்தரும் பிரான்சின் கிராஸ் நகரத்துப் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஐலர்ட் அப்போதுதான் தன் தந்தையின் தேநீர் வணிகத்தில் சுவைபார்க்கும் வேலை பழகத் தொடங்கியிருந்தான். கிடங்கின் மேல்மாடியில், சாய்ந்த கூரையின்கீழ், அவன் தேநீர் ஊற்ற, அவள் தன் செய்தியைச் சொன்னாள்.

"நீயும் வா, ஐலர்ட். வர முடியாதுன்னா, போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் போகல."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கோப்பையை அடிவரை குடித்தான். பிறகு தட்டில் கிடந்த கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் வைத்தான்.

அந்த ஊரில் தேநீர்க் கரண்டிக்குக் கலக்கும் வேலை கிடையாது. அதற்கு ஒரே வேலைதான் உண்டு. அது வெளியே இருக்கும்வரை வீட்டார் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அதைக் கோப்பைக்குள் வைத்துவிட்டால், போதும் என்று பொருள். அதன்பின் ஒரு துளி ஊற்றமாட்டார்கள். ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள். மூன்று கோப்பை குடிப்பது முறை. இரண்டோடு கரண்டியை வைக்கிறவன் மிகத் தெளிவாகவே பேசுகிறான்.

டால்கே எழுந்தாள், மேலங்கியை மாட்டிக்கொண்டாள், படியிறங்கினாள். அவனுக்குப்பின் அவள் வாழ்வில் ஆண்கள் இல்லாமல் இல்லை. கைகொட்டிப் பாராட்டியவர்கள் இருந்தார்கள். சிலகாலம் உடனிருந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் மழைநாள்களில், வேலைமேசையில் தனியே இருக்கும்போது, அந்தக் கரண்டி கோப்பையின் சுவரில் பட்டெழுப்பிய சிற்றொலி அவளுக்குக் கேட்கும். பிரான்சில் அவள் காப்பிக்கு மாறிக்கொண்டாள்.

மறுநாள் ஓனன் வணிகத்தின் வாசலில் அவளைத் தடுத்தவள் கெஷே. ஐலர்டின் தந்தை காலத்திலிருந்தே சுவையறையைப் பார்த்துக்கொள்ளும் பெண். முடி முழுவதும் நரைத்துவிட்டிருந்தது. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"பையை வெளியில வை, பொண்ணே. உன் பை நாலு தெருவுக்கு மணக்குது."

"எல்லாம் மூடி போட்ட குப்பி, கெஷே."

"மூடியெல்லாம் உங்க பாரிஸ் மூக்குக்கு. வை வெளியில. கையைக் கழுவு. அந்த வெள்ளைச் சோப்பு, மணமில்லாதது."

"நான் வேலைசெய்யற இடத்துலயும் அதே சோப்புதான்."

"அப்ப உருப்படியா ஏதோ கத்துக்கிட்டிருக்கே," என்று சொல்லிவிட்டுக் கெஷே கதவைத் திறந்தாள்.

ஐலர்ட் வெள்ளை மேலாடையோடு நீண்ட மேசையின் பின்னால் நின்றான். உடம்பு கனத்திருந்தது, நெற்றி மேலேறியிருந்தது. "மொயின்," என்றான். "மொயின்," என்றாள் அவள். காலையானாலும் மாலையானாலும் அந்த ஊருக்கு அந்த ஒரு வணக்கம் போதும். அதற்குமேல் பேசினால் வாயாடி என்பார்கள்.

"தண்ணி கொதிச்சாச்சு," என்றான் அவன்.

மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெள்ளைக் கிண்ணங்கள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கரண்டி. அவன் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு வாய் எடுத்து, அறை அதிரும்படி உறிஞ்சி, நாக்கில் உருட்டி, பித்தளைத் தொட்டியில் துப்பினான். அவளும் அவ்வாறே செய்தாள்.

"இது அஸ்ஸாம். கோடைப் பறிப்பு. என்ன தெரியுது?"

"ரொட்டியோட மேல்தோல். ஈர மரம்."

"ம். மூக்கு கெடல. அங்க என்ன குடிக்கறே?"

"காப்பி."

பின்னால் நின்ற கெஷே, "அதான் முகம் இப்படி ஆயிடுச்சு," என்றாள்.

அவன் வரிசையில் நகர்ந்துகொண்டே போனான். கெஷே சுவைத்து முடித்த கிண்ணங்களைப் பின்னாலேயே எடுத்து வாளியில் கொட்டிக்கொண்டே வந்தாள். ஒரு கிண்ணத்தின் முன் அவன் சற்று நின்றான். கரண்டியை அதனுள் விட்டுவிட்டு அடுத்ததற்குச் சென்றான். டால்கேக்குச் சும்மா நிற்கப் பிடிக்காது. முடிந்தது என்று எண்ணி அந்தக் கிண்ணத்தை எடுக்கக் கைநீட்டினாள். கெஷே அவள் மணிக்கட்டில் ஓர் அடி வைத்தாள்.

"தொடாதே. கரண்டி உள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரியல?"

"அதான் கெஷே. போதும்னுதானே..."

"அது வீட்டுல. இங்க வேற. கரண்டி உள்ள இருந்தா இன்னும் முடியல, எடுத்துடாதே, திரும்பி வரேன்னு அர்த்தம். இவங்க அப்பா காலத்துல இருந்தே இந்த அறையில அப்படித்தான்."

டால்கே கையை இழுத்துக்கொண்டாள். ஐலர்ட் மறுமுனைவரை போய்த் திரும்பி வந்தான். அந்தக் கிண்ணத்தின் கரண்டியை எடுத்தான். இம்முறை கண்களை மூடிக்கொண்டு உறிஞ்சினான். அவனுக்கு எதிரே, ஒரு கை தூரத்தில், அவள் நின்றாள். கேட்க வேண்டியது முழுவதும் ஒரே வாக்கியம். அது நாக்கின் நுனிக்கு வந்தது. அவள் அதை விழுங்கினாள், தேநீரைத்தான் துப்பினாள்.

"உன் சரக்கை இங்க மோந்துபாக்க முடியாது," என்றான் ஐலர்ட். "ஒரு துளி பட்டா வாரம் பூரா என் மூக்கு வீண். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. அன்னிக்கு மூக்குக்கு லீவு. ரேம்டாகிட்ட சொல்லிட்டேன்."

ரேம்டா அவன் மனைவி. அவன் மணம்புரிந்துகொண்ட செய்தி பாரிஸுக்கும் வந்து சேர்ந்திருந்தது. கடற்கரைப் பக்கத்துப் பெண், பள்ளியில் நீச்சல் கற்பிப்பவள் என்ற அளவில் டால்கே அறிந்திருந்தாள். அதற்குமேல் அறிய விரும்பியதில்லை.

இடைப்பட்ட நாள்களில் அவள் லேடா ஆற்றின் கரையில் நடந்தாள். தண்ணீர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது, கரைச்சேறு மின்னியது. ஒருவரின் கணவனை இத்தனை ஆண்டுகளுக்குப்பின் வேண்டும் என்று எண்ணுமளவு அவள் அறிவிழந்தவள் அல்லள். அவளுக்கு வேண்டியது ஒரு விடை. அன்று அவன் 'போதும்' என்றானா, 'எடுத்துவிடாதே' என்றானா? போதும் என்று சொல்லப்பட்டவளாகவே அவள் இத்தனை காலமும் வாழ்ந்தாள், நகரங்களை மாற்றினாள், மனிதர்களிடமிருந்து இரண்டாவது கோப்பையோடு எழுந்து வந்தாள். அது தவறான வாசிப்பு என்றால், அவள் வாழ்ந்தது எவளுடைய வாழ்வு? கேட்டு இனி என்ன ஆகப்போகிறது என்று ஒருமுறை தன்னைத்தானே கடிந்துகொண்டாள். கடிந்தபின்னும் கேட்கவே விரும்பினாள்.

ஞாயிறன்று கதவைத் திறந்த ரேம்டா உயரமானவள். நீச்சல் குளத்தின் மறுகரைக்குக் கேட்கப் பழகிய குரல்.

"வாங்க, வாங்க. உங்களைப் பத்தி இவன் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அதனாலயே எனக்கு நிறையத் தெரியும்." அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "பயப்படாதீங்க. உக்காருங்க. முதல்ல உங்க சரக்கை இவன் கையில போடுங்க. மூணு கப் குடிக்கறதுக்குள்ள எங்க வரைக்கும் போகுதுன்னு பாக்கலாம்."

டால்கே குப்பியைத் திறந்து, ஐலர்டின் மணிக்கட்டில் ஒரு துளி வைத்தாள். அவன் தோலைத் தொடாமல் வைத்தாள். அவன் கையை மேசைமேல் நீட்டியபடியே வைத்திருந்தான், மருத்துவரிடம் காட்டுகிறவனைப்போல.

ரேம்டா ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு கட்டிக் கற்கண்டை இட்டுச் சூடான தேநீரை ஊற்றினாள். கற்கண்டு விரிசல்விட்டு முறுமுறுத்தது. அந்த ஒலி அடங்கும்வரை மூவரும் அதைக் கேட்டிருந்தார்கள். பிறகு பாலேட்டைக் கோப்பையின் விளிம்போரமாக, கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமாக விட்டாள். அப்படி விட்டால் காலம் நிற்கும் என்பார்கள். நின்று எவரும் பார்த்ததில்லை. வெள்ளை, அடிவரை போய், மேகமாகத் திரண்டு மேலே வந்தது.

ஐலர்ட் குடித்தான், மணிக்கட்டை முகர்ந்தான். "பாலேடு. சரியா இருக்கு."

"எங்க, நான் பாக்கறேன்." ரேம்டா அவன் கையை இழுத்து முகர்ந்தாள். "கல்யாணம் ஆனதுல இருந்து இவன் மேல நல்ல வாசனை வர்றது இதுதான் முதல் தடவை. எப்பவும் ஈரச் சாக்கு வாசனைதான்."

"அந்தச் சாக்குதான் உனக்குச் சோறு போடுது," என்றான் ஐலர்ட்.

"சோறு போடட்டும். பக்கத்துல வந்து படுக்க வேண்டாம்."

இரண்டாவது கோப்பையில் பேச்சு மெலிந்தது. வெளியே காற்று வேலியின் முள்செடிகளைச் சாய்த்துக்கொண்டிருந்தது. பாலேடு விலகித் தேநீரின் சொந்தக் கசப்பு நாக்கில் இறங்கிற்று. ஐலர்ட் மணிக்கட்டை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனான். இம்முறை நெடுநேரம் அதை அங்கிருந்து விலக்கவில்லை. அவன் கண்கள் எதையும் பார்க்கவில்லை. கசப்பு நன்றாக வந்திருக்கிறது என்று டால்கே அறிந்துகொண்டாள். அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் கோப்பையை வெறுமையாக்கிக் கீழே வைத்தான். தட்டிலிருந்து கரண்டியை எடுத்தான். கோப்பைக்குள் வைத்தான்.

அதே சிற்றொலி.

ரேம்டா பேச்சை நிறுத்தாமலே, ஒற்றை விரலால் அந்தக் கரண்டியை ஓரம் தள்ளிவிட்டுத் தேநீர்க் குடுவையைச் சாய்த்தாள்.

"அவன் கரண்டியை உள்ள வெச்சுட்டானே," என்றாள் டால்கே. அந்த ஊரில் பிறந்த எவரும் அப்படிச் சொல்லாமல் இருக்க முடியாது.

"இதுவா? இதைக் கேளுங்க." ரேம்டா குடுவையை இறக்கிவைத்தாள். "கல்யாணம் ஆன புதுசு. தினமும் ரெண்டாவது கப்போட கரண்டியை உள்ள வெச்சுடுவான். எனக்கு அழுகையா வரும். என் டீ இவனுக்குப் பிடிக்கலன்னு அம்மாகிட்டப் போய்ப் புலம்பினேன். 'கேக்காதே, கேட்டா மரியாதை இல்ல'ன்னாங்க. பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். ஒரு நாள் கேட்டுட்டேன். 'ஏண்டா, உனக்குப் போதுமா, இல்ல வேணுமா? வாயைத் திறந்து சொல்லு.' திருதிருன்னு முழிக்கறான். கரண்டி வெச்சதே அவனுக்குத் தெரியல. மனசு எங்கயாவது மாட்டிக்கிட்டா கை தானாவே கடைப் பழக்கத்துக்குப் போயிடுமாம். 'எடுத்துடாதே, இன்னும் முடியல.' இதுதான் ஐயாவோட அர்த்தம்."

"கேட்டீங்களா," என்றாள் டால்கே.

"கேக்காம என்ன பண்றது? டீ ஆறிப்போகுமில்ல."

சொல்லிவிட்டு ரேம்டா எழுந்தாள். பாலேட்டுக் கிண்ணம் காலியாகியிருந்தது; அதை நிரப்பச் சமையலறைக்குப் போனாள். போகிறபோது கதவை மூடிக்கொண்டு போனாள்.

ஐலர்ட் தன் கோப்பையைப் பார்த்தபடி இருந்தான்.

"அன்னிக்கும் இதானா?" என்றாள் டால்கே.

"தெரியல. கரண்டி வெச்சதெல்லாம் எனக்கு ஞாபகமில்ல. நீ எழுந்து போனது ஞாபகம் இருக்கு. ரெண்டாவது கப்போட."

"நான் கேட்டதுக்கு நீ ஒண்ணும் சொல்லல."

"யோசிச்சிட்டிருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"நீ தெருமுனை திரும்பற வரைக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மூணாவது கப்புக்கு உக்காராதவ இந்த வீட்டோட கணக்கை முடிச்சுக்கிட்டான்னு நினைச்சேன்," என்றான். "பின்னாடி ஓடி வந்து கேக்கறது அசிங்கம்னு நினைச்சேன். அப்ப எனக்கு மானம் அதிகம்."

"யோசிச்சியே. யோசிச்சு என்ன முடிவு பண்ணினே?"

இம்முறை அவன் காக்கவைக்கவில்லை.

"போகாதேன்னு."

கதவு திறந்தது. ரேம்டா கிண்ணத்தை வைத்தாள். இருவர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். டால்கேயின் கோப்பையில் மூன்றாவது முறை ஊற்றினாள்.

டால்கே அதைக் குடித்தாள். அத்தனை ஆண்டுகளில் அவள் குடித்த முதல் மூன்றாவது கோப்பை அது. விரைந்து குடிக்கவில்லை; பாலேட்டைத் தாண்டி, கசப்பைத் தாண்டி, அடிக்கு வந்தாள். அங்கே கற்கண்டு கிடந்தது. முழுக்கக் கரையாமல், மூன்று முறை ஊற்றிய தேநீரும் அதனுள் ஊறி, பழுப்பேறிக் கிடந்தது. நாக்கில் பட்டபோது அது வெறுமே இனிக்கவில்லை. தன்மேல் ஊற்றப்பட்ட கசப்பு முழுவதையும் வைத்துக்கொண்டு இனித்தது. தான் வனிலாவிலும் தேனிலும் தேடியது எவ்வளவு சின்னப் பிழை என்று அவள் கண்டாள். கசப்பு போனபின் வருவதல்ல அந்த இனிப்பு. கசப்பு போகவே இல்லை.

அவள் கை தானாகக் கரண்டியை எடுத்தது. கோப்பைக்குள் வைத்தது.

குடுவையைத் தூக்கிய ரேம்டாவின் கை அப்படியே நின்றது. அவள் கரண்டியைப் பார்த்தாள். பிறகு டால்கேயைப் பார்த்தாள். உதட்டில் சிரிப்பு இருந்தது, கண்களில் இல்லை.

"போதுமா? இல்ல, இவன் மாதிரியா?"

ஐலர்ட் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே சாய்ந்த முள்செடிகள் நிமிர்வதும் சாய்வதுமாக இருந்தன. எதிரே இருந்த பெண், தான் ஒருகாலத்தில் கேட்காமல் போனதைக் கேட்டவள் என்று டால்கே எண்ணினாள். கேட்டவளுக்கு விடை தரவேண்டும்.

"போதும், ரேம்டா."

"வாயால சொன்னீங்களே. நல்லது," என்றாள் ரேம்டா. குடுவையை வைத்துவிட்டு, டால்கேயின் கோப்பையை, கரண்டியோடு, தானே எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை டால்கே அடிமணத்தை அடியோடு கலைத்தாள். வனிலா போயிற்று, தேன் போயிற்று. கருக்கிய சர்க்கரையில் ஒரு சிறு பங்கை மட்டும் நிறுத்திக்கொண்டு, நடுமணத்தில் இருந்த கசப்பையே எடுத்து அதன்கீழ் ஓடவிட்டாள். எடைபோட்டாள், திருத்தினாள், மறுபடியும் எடைபோட்டாள். இன்ஸா வந்து பட்டையை எடுத்தபோது, வழக்கம்போல உடனே கீழே போடப்போனாள்.

"இப்பவும் முதல்ல இனிப்பு வரலையே."

"வராது. காத்திருக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

அந்தக் கேள்வி டால்கேயை ஒரு கணம் வேறோரிடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. "வேலையைப் பாருங்க. தானா வரும்," என்றாள்.

இன்ஸா பட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, அச்சுக்காரர்களோடு சண்டையிடப் போனாள். மாலையில், மேலங்கியை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பி வந்து, பட்டையை மூக்கில் வைத்தபடியே டால்கேயின் மேசையருகில் நின்றாள்.

"கலக்கச் சொன்னது நான்தானா?" என்றாள் கடைசியில்.

"நீங்கதான்."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

வசந்தத்தில் உல்ஃபர்ஸ் இல்லம் திறந்தது. அதற்குள் டால்கே பாரிஸுக்குத் திரும்பியிருந்தாள். முதலில் வார்த்த குப்பிகளில் தனக்கென வந்த ஒன்றை அவள் லேர் நகரத்துக்கு அனுப்பினாள். உறையின்மேல் ஐலர்டின் பெயரை எழுதவில்லை. ரேம்டாவின் பெயரை எழுதினாள். அடுத்த ஞாயிறு முற்பகல் தொலைபேசி ஒலித்தது. நீச்சல் குளத்துக் குரல், இம்முறை தணிந்து வந்தது.

"குப்பி வந்துச்சு, டால்கே. நன்றி. வாரநாள்ல போட்டா இவன் என்னைக் கிட்டவே விடமாட்டான். அதனால நேத்து, சனிக்கிழமை சாயங்காலம், கழுத்துத் துணியில போட்டுக்கிட்டேன். காலையில எடுத்துப் பாத்தா கற்கண்டு வந்திருக்கு."

"சரியா இருக்கா?"

"இருக்கு. கசப்பும் கூடவே இருக்கு. எனக்கு அதெல்லாம் பிரிச்சுச் சொல்லத் தெரியாது. இவன்தான் சொன்னான். டீ ஊத்தினேன். துணியை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். முதல் கப் குடிச்சான். ரெண்டாவதும் குடிச்சான். கரண்டியை உள்ள வெச்சான்."

டால்கே காத்திருந்தாள்.

"நீங்க கேட்டீங்களா?"

"இல்ல," என்றாள் ரேம்டா. "இந்தத் தடவை கேக்கல. ஊத்தவும் இல்ல, எடுக்கவும் இல்ல. அப்படியே விட்டுட்டு வந்து உங்களுக்குப் போன் பண்றேன். கப்பு அங்கதான் இருக்கு. குடுவையில டீ ஆறிட்டிருக்கு."